கடைசிப் பதினாறு பக்கம்

புயல் கரையேறிய இரவு
எண்ணூர் நெடுஞ்சாலையில் கடல் வந்து படுத்துக்கொண்டது.
சின்னக்குப்பம் போக வழியில்லை,
திருவொற்றியூர் திரும்பவும் வழியில்லை.
எடைமேடை அறை மட்டும் மூன்று படி உயரம்.
சீட்டுப் போடும் நான்.
ஒதுங்க வந்தவர்கள் ஐந்து பேர்.
யாருக்கும் யாரையும் தெரியாது.

நைட் டூட்டிக்குப் போகமுடியாத நர்ஸ் ஜெசிந்தாவின் பையில்
அட்டை போன நாவல்.
எப்போதோ மூடிவிட்ட வாடகை நூலகத்தின் முத்திரை.
ஒரு செல்போன் வெளிச்சம் தீர இன்னொரு செல்போன்,
மாற்றி மாற்றிச் சத்தமாகப் படித்தோம்.

மலைமேல் பங்களா. எட்டு விருந்தாளிகள்.
பாலம் உடைகிறது.
ராத்திரிக்கு ஒரு பிணம்.

ஒன்பதாம் பக்கத்தில் டாக்டர் பேரைப் பென்சிலால் சுழித்து
எவனோ எழுதியிருந்தான்: 'இவன்தான்.'
அறுபதாம் பக்கத்தில் டாக்டரே செத்துப்போனார்.
அந்த ஒருமுறைதான் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
தையலோடு ஒரு ஃபாரம் கழன்று போயிருந்தது.

'சமையல்காரன்' என்றாள் இட்லிக்கடை கோட்டீஸ்வரி.
'யார் எவ்வளவு தின்பான்னு அவனுக்குத்தானே தெரியும்.'
இன்ஷூரன்ஸ் சர்வேயர் முபாரக் விதவையைச் சொன்னார்.
'பணம் யாருக்குப் போவுது, அத்தப் பாருங்க.'
காசிமேட்டு ஏலக் கணக்கு அப்பளராஜு
வாய் திறக்காமல் தன் பணப்பையை
மடியிலிருந்து சட்டைக்குள் மாற்றிக்கொண்டார்.

டிரெய்லர் டிரைவர் தவசி மட்டும்
கதவோரம் ஈர லுங்கியைப் பிழிந்துகொண்டே இருந்தான்.
'மொதல்ல செத்துச்சே வேலைக்காரப் பொண்ணு,
அதுக்கு ஒரு பேர் வச்சானா பாரு.'
ஜெசிந்தா பக்கங்களைத் திருப்பினாள். திரும்பவும் திருப்பினாள்.
இல்லை.
'சாவறதுக்குன்னே கூட்டியாந்திருக்கான்' என்றான்.
'ரோட்டுலயும் அப்படித்தான்.'

அதற்குமேல் அவன் பேசவில்லை.
எனக்கு அது போதும்.

ஆடி மாதம், இரண்டு மணி பத்து நிமிடம்.
மழையே இல்லாத அந்த ராத்திரி
இதே வண்டியின் முன்பம்பர் மட்டும் நனைந்திருந்தது.
சீட்டு அடித்துக் கொடுத்தேன்.
அசலில் இருநூறு ரூபாய் மடித்து வைத்தான்,
'டீ குடி தங்கச்சி' என்று.
போலீஸ் வந்து கேட்டபோது
பிரிண்டர் ரிப்பேர் என்றேன்.
குப்பத்தில் ஒட்டிய போஸ்டரில் பேர் இருந்தது.
நான்தான் படிக்காமல் தாண்டி நடந்தேன்.

இப்போது அவன் என்னைப் பார்த்தான்.
நான் புத்தகத்தைப் பார்த்தேன்.
மற்ற நாலு பேரும் இன்னும்
விதவையா சமையல்காரனா என்று சண்டை.

விடியலில் தண்ணீர் வடிந்தது.
அவரவர் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு
சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள்.
ராத்திரி முழுக்க மேடைமேலேயே நின்ற வண்டிக்கு
பேட்டரியில் உயிர் பிடித்திருந்த சிவப்பு எண்
41,380.
ஆடி மாதமும் அதே பெட்டி, அதே எடைதான்,
ஒரு கிலோ கூடவில்லை, குறையவில்லை.

இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடை எதையும் காட்டாது.