மஞ்சள் வட்டம், எண் இரண்டு

சதக்கு மச்சான் லூட்டனிலிருந்து
காரைக் கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கி
பிள்ளைகளுக்குப் பாரீஸ் காட்டப் போகிறாராம்.
அந்த ஊருக்குள் நுழையக்
கண்ணாடியில் ஒரு வட்டம் ஒட்டியிருக்க வேண்டுமாம்,
வண்டி விடும் மூச்சு எந்தத் தரமென்று.
விருந்தாளி வண்டிக்கும் விலக்கில்லை.
"பாரம் நிரப்புறதுல நீதான் புள்ள கெட்டி"
என்று குரல் அனுப்பினார்.
உண்மைதான்.
கீழக்கரையில் பாதிப் பேருடைய பிறந்த தேதி
என் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போயிருக்கிறது.

வண்டிப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பினார்.
பதிவு எண். ஓடத் தொடங்கிய நாள். டீசல்.
யூரோ என்று ஒரு கட்டம்,
காசாக்கும் என்று நினைத்தேன்;
கரித்தூள் குறையக் குறைய ஏறும் படியாம் அது.
மச்சான் வண்டி ஆறாம் படியில் நின்றது.
என் கார்டில் பணம் போனது,
ஹமீதா லாத்தா அதை ரூபாயாகத் தந்தார்,
மீன் வாங்கிய மிச்சம், நோட்டெல்லாம் ஈரம்.
கடைசிக் கட்டம்: அனுப்ப வேண்டிய முகவரி.
ஆயிரம் பேருக்கு அடித்த விரல்
கேட்காமலே அடித்துவிட்டது
வடக்குத் தெரு, கீழக்கரை, 623 517.

பயணம் முடிந்து
பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பி
ஐப்பசியும் பிறந்த பிறகு வந்தார் உடையப்பன்,
தபால் பையில் பிரெஞ்சு எழுத்தோடு ஒரு உறை.
"லட்டரா, ஆர்டரா?"
நான் பிரித்தேன். அவரும் குனிந்து பார்த்தார்.
உள்ளங்கை அகல மஞ்சள் வட்டம்,
நடுவில் இரண்டு,
ஓரத்தில் பொடிப்பொடியாக
இந்த ஊர் ரோட்டில் உருளாத ஒரு காரின் எண்.
ஊருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு
ரயிலில் போனார்களாம் மச்சான் வீட்டார்.
சின்னவன் கோபுரத்தடியில் தூங்கிவிட்டானாம்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கரி லாரி பூமிநாதன்
ரசீது நகலெடுக்க வந்தவர்
வட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இத எங்கண்ணாடில ஒட்டுனா
செக்போஸ்ட்ல ஒரு நிமிசம் மலச்சு நிப்பாய்ங்கல்ல?"
அவரிடமும் புகைச்சான்று இருக்கிறது.
லாரி சிக்கலில் நிற்கும்,
சான்று மட்டும் போய் வரும்.
"அது வேற வண்டி நம்பர்ணே" என்றேன்.
"இங்க யாரு தாயி அத வாசிக்கப் போறா?"
கொடுக்கவில்லை.
ஒருமுறை ஒட்டினால் பிய்க்க வராது,
பிய்த்தால் கிழியும்படி செய்திருக்கிறார்கள்
என்று படத்தைக் காட்டினேன்.
அவர் சிரித்தார். கைரேகை நகலில் பதிந்தது,
மை வைக்காமலே.

சாயங்காலம் வாடை திரும்பியது.
வடக்கே எங்கோ சீமைக்கருவேலை
மண்ணுக்கடியில் மூட்டமாக வெந்துகொண்டிருந்தது.
அந்தப் புகை
வயலேறி, உப்பங்கழி தாண்டி,
பள்ளிவாசல் சுவரைத் தடவிக்கொண்டு
எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல்
என் கடைக்குள் வந்து உட்கார்ந்தது.
ஆதார் திருத்த வந்த கிழவர் இருமினார்.
வெப்கேமராவில் அவர் முகம் மங்கி
"வெளிச்சம் போதவில்லை" என்றது திரை.
கண்ணாடியைத் துடைத்தேன். துணி கறுத்தது.
மறுபடி நிமிரச் சொன்னேன் அவரை.
இருமலை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தார்,
படத்துக்கு அவ்வளவு நேரம் போதும்.

வட்டம் இப்போது மேசை இழுப்பறையில்,
ஆள் வராத இரண்டு ரேஷன் அட்டைக்கும்
யாருடையதோ பாஸ்போர்ட் அளவுச் சிரிப்புக்கும் நடுவில்.

நேற்று மச்சான் மறுபடி குரல் அனுப்பினார்:
"அடுத்த வருசம் பெர்லின் புள்ள.
அங்கெ பச்ச வட்டமாம்."
பாரத்தைத் திறந்து வைத்துவிட்டு
பதில் அனுப்பினேன்:
முதல்ல அட்ரஸ் சொல்லுங்க மச்சான்.
ஒவ்வொரு எழுத்தா.