படி

எல்பே நதிக்குள் இறங்கும் படிகள் இருபத்தொன்று.
கோடையில் ராஜா படகில் வந்திறங்கக் கட்டியவை.
தலைநகரில் வெயில் ஏறினால்
வெள்ளிப் பாத்திரம், வேட்டை நாய்,
வேலையற்ற சொந்தக்காரர்கள் சகிதம்
வருவாராம்.
இப்போது ராஜா இல்லை.
சீட்டுக் கிழிக்க நான் இருக்கிறேன்.

அரண்மனைக்குப் பின்னால் பூங்கா.
யாரும் கை வைக்காததுபோல் அது தெரிவதற்காக
பதினாறு பேர் கை வைக்கிறோம்.
ஓக் மரம் நிற்க வேண்டும்,
அதன் ஊடே நதியும் தெரிய வேண்டும் என்கிறது
இருநூறு வருடத்து வரைபடம்.
ஆண்டுக்கு ஒரு கிளையை அறுத்து
ஓர்ட்ரூன் இரண்டு பேரையும் சமாதானப்படுத்துகிறாள்.

அந்த ஆகஸ்டில்
பொஹீமியாவில் மழை என்றது வானொலி.
அது அடுத்த வீட்டுச் சண்டைபோலக் கேட்டது.
மறுநாள் ஒன்பதாம் படியைக் காணோம்.
மாலையில் பதினாலு.
படித்துறையில் கிடக்கும் கல் சிங்கத்தின்
பெண் முகம் மட்டும் நீருக்கு மேலே
முன்பே உடைந்த மூக்கோடு
எதையும் மோப்பம் பிடிக்காமல்.

மாடிக்குச் சுமந்தோம்.
கடிகாரம், திரைச்சீலை, சீனத்துச் சாடி,
ராணியின் தாத்தா படம் (கனத்த மனிதர்),
தொடாதீர் என்று எழுதிய அட்டைகளையும்
எதற்கென்று தெரியாமல்.
கடைசியாக
பன்னிரண்டு பட்டு நாற்காலிகள்.

விளக்கு அணைந்தது.
கீழே கதவு திறக்கும் ஓசை,
தட்டாமல்.
நதி கூடத்துக்குள் வந்துவிட்டது.
அழையா விருந்தாளி என்று சொல்ல முடியுமா?
அதன் காலடி வரைக்கும்
இருபத்தொரு படி கட்டி வைத்தது நாம்தானே.

ஓர்ட்ரூன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.
ஈரக் கால்சட்டையோடு.
முப்பது வருடமாக அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றவள்.
பையிலிருந்து ரொட்டியும் பிளம் ஜாமும் எடுத்தாள்.
"மெத்தை ஒன்றும் சுகமில்லை" என்றாள்.
பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம்.
காவலாளி ஃப்ரீடெமான் உட்கார்ந்தபடியே தூங்கினான்,
ஓர் இளவரசன்போல, வாய் பிளந்து.

தண்ணீர் ஆறு நாள் தங்கியது.
போனபின்
படியில் வண்டல் படிந்திருந்தது.
மண்வெட்டி போடும் முன் குனிந்து படித்தோம்:
ஒரு குழந்தையின் செருப்பு,
செக் மொழியில் ஏதோ எழுதிய பீர்ப்பெட்டி,
யார் தோட்டத்துக்கோ உரிய வெங்காயங்கள்,
ராஜாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அக்டோபரில்
கமேலியா மரத்தைக் குளிரிலிருந்து மறைக்கும் கண்ணாடி வீட்டை
வழக்கம்போலத் தள்ளினோம்.
மரத்தை நகர்த்தக் கூடாது.
அதனால் வீட்டுக்குத்தான் தண்டவாளம்.
பாதியில் நின்றது.
சக்கரத்தில் சேறு.
ஓர்ட்ரூன் மண்டியிட்டு
தொப்பி ஊசியால் சுரண்டினாள்.
அப்போது கவனித்தேன்,
அவள் கால்சட்டையின் பின்புறம்
பட்டிலிருந்து இறங்கிய சிவப்பு
இன்னும் போகவில்லை.

நான் சொல்லவில்லை.
தள்ளு என்றாள்.
தள்ளினேன்.