சாரதி குறிப்பிடப்படவில்லை

ஒட்டுசுட்டான் பால் சேகரிப்பு நிலையத்தில்
காலை ஏழரைக்கே தகரம் சுடத் தொடங்கிவிட்டது.
வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தேன்.
மடியில் கணினி, கைப்பையில் ஒரு பென்டிரைவ்,
அதற்குள் சில மெகாபைட்டில் ஒரு சாரதி.

இங்கே ஒரு பழைய நிரல்.
சாம்பல் நிறச் சாளரம், மூன்று பொத்தான்:
சேர், தேடு, அச்சிடு.
எழுதியவர் இப்போது எங்கேயோ பனி அள்ளுகிறார்.
தரவுகளோ போன மாதம்
பக்கத்து அறைப் புதிய சேர்வருக்குக் குடிபோய்விட்டன.
நடுவில் ஒரு சுவர், ஒரு நீலக் கேபிள்.
இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தேடு என்று அழுத்துகிறேன்.
தரவு மூலத்தின் பெயர் கிடைக்கவில்லை,
இயல்பான சாரதியும் குறிப்பிடப்படவில்லை
என்கிறது, சிவப்புப் பெருக்கல் குறியோடு.
கோகிலராணி அக்கா எட்டிப் பார்த்தார்.
"சாரதி வெளியிலதான் நிக்கிறார், கூப்பிடட்டே?"

வாசலில் பவுசர்.
டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் கித்சிரி.
"தங்கச்சி, பால் புளிச்சா எனக்குத்தான் ஏச்சு."

அக்காவுக்குச் சொன்னேன்:
இதுவும் அவரைப் போலத்தான்.
அங்கே ஒரு மொழி, இங்கே ஒரு மொழி,
நடுவில் ஓடும்.
ஏற்றியது பாலா தண்ணீரா என்று கேட்காது.
"கித்சிரி கேப்பார்," என்றார் அக்கா,
"மூடி திறந்து மணந்தும் பாப்பார்."

சாரதியை நிறுவினேன். அதே பிழை.
நிரல் முப்பத்திரண்டு பிட், சாரதி அறுபத்துநான்கு;
ஒருவர் சாவி மற்றவர் பூட்டில் நுழையாது.
இன்னொரு சாரதியை இறக்க
அலைபேசியைத் தூக்கிக்கொண்டு வேம்படிக்குப் போனேன்,
அங்கேதான் இரண்டு கோடு சிக்னல்.
அதை அமர்த்தும் இடமும் விசித்திரம்:
முப்பத்திரண்டு என்று பெயரிட்ட கோப்புறையில்
அறுபத்துநான்கு இருக்கிறது,
அறுபத்துநான்கு என்று பெயரிட்டதில் முப்பத்திரண்டு.
பெயர்ப்பலகையை நம்பி இறங்கக்கூடாதென்று
இந்த வீதியில் பஸ் ஏறுகிற எவருக்கும் தெரியும்.
எனக்குத்தான் ஒரு மணித்தியாலம் எடுத்தது.

பிறகு அந்த ஒற்றை வரி.
சேர்வர், துறை எண், பயனர், கடவுச்சொல்,
அரைப்புள்ளி வைத்து அரைப்புள்ளி வைத்து.
கடவுச்சொல்லை அக்கா காதோடு சொன்னார்.
அது ஒரு மாட்டின் பெயர்.

இணைந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் மளமளவென்று இறங்கின.
லீற்றர் சரி, கொழுப்பு வீதம் சரி, திகதி சரி.
பெயர் இருக்கவேண்டிய இடமெல்லாம்
கேள்விக்குறி.
உயிர்மெய்க் கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று,
மெய்யின் தலையில் இருந்த புள்ளிக்குக்கூடத்
தனியாக ஒன்று.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.
அவை அப்படியே நின்றன.
"பேர் விபரம் கேட்டு
எத்தனை கந்தோர்ப் படி ஏறினனாங்கள்," என்றார்.
"இப்பிடி ஒரு பட்டியல் ஆரும் தரேல்லை."

எழுத்துரு அல்ல அக்கா, குறிமுறை, என்றேன்.
அவருக்கு அது பதிலில்லை என்று தெரிந்தும் சொன்னேன்.
அந்த ஒற்றை வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்த்து,
மூடி, மறுபடி திறந்தேன்.
நாகேஸ்வரி வந்தார். பொன்னுத்துரை வந்தார்.
யோகச்சந்திரன், அடைக்கலமேரி, தவமலர்.
அக்கா விரலை வைத்து வைத்து இறங்கினார்,
வாய்க்குள் ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு.

இருநூற்று எண்பத்தேழில் விரல் நின்றது.
ஏழு கேள்விக்குறி.
இது வரும் வழியில் தொலைந்ததல்ல;
வைக்கும்போதே இப்படித்தான் வைக்கப்பட்டது.
எந்தச் சாரதியாலும் இனித் திருப்பித் தர முடியாது.
பழைய பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.

கித்சிரி உள்ளே வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.
ஆறேகால் லீற்றர். கொழுப்பு நாலு தசம் மூன்று.
"ஆ, இது பாலத்துக்கு அங்கால அம்மா.
பச்சைக் கேன், சிவப்புக் கயிறு கட்டி வைக்கும்.
பேர் கேட்டதில்ல. நாளைக்குக் கேக்கிறன்."

பவுசர் பின்னுக்கு எடுத்துத் திரும்பியது.
நான் இணைப்பை மூடினேன்.
அச்சிட்ட கொடுப்பனவுத் தாளில்
அந்த ஏழு குறிகளையும் அக்கா பேனாவால் வெட்டி,
மேலே சின்ன எழுத்தில்
சிவப்புக் கயிறு என்று எழுதினார்.