ஒரே பெட்டி, மூன்று குழல்

பிப்ரவரி. மைனஸ் பதினொன்று.
எஸ்தோனியாவின் தென்கோடியில்
யாரும் தோண்டாத சரளைக் குழி.
உறைந்த சேற்றில் மேசை போட்டிருக்கிறோம்.
ஆடுகிற காலுக்கு அடியில்
ஹில்லாரின் இடக்கைக் கையுறை.
முக்காலியில் வேகமானி,
கடந்து போவதையெல்லாம்
எண்ணாக்கித் துப்பும் சின்னப் பெட்டி.

விளிம்பில் அடி வாங்கி வெடிக்கும் தோட்டாக்கள்.
சுண்டுவிரல் நகத்தளவு ஈயம்,
மேலே மெழுகு, கீழே பித்தளை.
ஒரே ஆலை, ஒரே நாள், ஒரே தொகுதி எண்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று
கடைக்காரர் சத்தியம் செய்தார்.
பிடித்திருந்தால் ஐயாயிரமாக வாங்க வேண்டும்,
அப்போதுதான் தள்ளுபடி.

வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள் போன இலையுதிர்காலத்தில்.
நாய் லெய்டாவுக்கு, படகு ஹில்லாருக்கு.
தள்ளுபடியை மட்டும்
எப்படிப் பிரிப்பதென்று தெரியவில்லை.
நடுவில் நான்:
அவனுக்குத் தங்கை, அவளுக்குத் தோழி,
இன்றைக்கு நோட்டுப் புத்தகம்.

முதலில் லெய்டா.
நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் குட்டைக் குழல்.
321. 324. 317. 322.
ஐந்தாவது 326:
இந்தக் குளிரில் ஒலியே அவ்வளவு வேகமில்லை,
குழிச் சுவர் சுளீரென்று திருப்பி அடித்தது.
காகம் ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

அடுத்து ஹில்லார்.
எழுபத்தொரு சென்டிமீட்டர்.
நீளக் குழல், நீள உந்தல் என்று
காரில் வரும்போதே கணக்குச் சொன்னவன்.
308.
பெட்டியைத் தட்டினான்.
316. 319. 310.
பேட்டரியை மாற்றினான்.
313.
மிச்சத் தோட்டாக்களை எடுத்துச் சட்டைக்குள் வைத்தான்.
"கக்கத்தில் வைத்துப் பொரிக்கப் போகிறாயா?"
என்றாள் லெய்டா.
ஆறு மாதத்தில் அவனிடம் அவள் பேசிய
முதல் முழு வாக்கியம்.

சிறிய தோட்டா, கொஞ்சம் மருந்து.
நாற்பது சென்டிமீட்டருக்குள்
அதன் மூச்சு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.
மீதிக் குழல் நெடுக
தள்ள ஆளில்லாமல்
உரசிக்கொண்டே நடக்கிறது ஈயம்.
இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை.

என் முறை. பழைய பயத்லான் துப்பாக்கி,
கிளப் கழித்துக்கட்டியது, அம்பத்தைந்து.
315. 315. 316. 315. 314.
அரசு அலுவலகக் கடிகாரம் மாதிரி.
எனக்கே கூச்சமாக இருந்தது.
நோட்டில் அடிக்கோடு போட்டேன்,
இரண்டு முறை.

பிறகு ஐம்பது மீட்டர் நடந்தோம்,
காகிதத்தைப் பார்க்க.

என்னுடைய ஐந்தும்
சண்டை போட்ட சொந்தக்காரர்கள் போல
ஆளுக்கொரு மூலை.
லெய்டாவுடையது மேலும் கீழும் ஓடியது.
ஹில்லாரின் காகிதத்தில்
ஒரே ஒரு ஓட்டை.
ஐந்தும் அதற்குள்.
ஒரு சென்ட் நாணயம் மூடிவிடும்.

எண்ணைப் பார்த்தேன், ஓட்டையைப் பார்த்தேன்.
எண் பொய்யில்லை. ஓட்டையும் பொய்யில்லை.

"சுடும்போது குழல் துடிக்கும்," என்றான் மெதுவாக.
"மெதுவான தோட்டா தாமதமாக வெளியே வரும்,
அதற்குள் முனை கொஞ்சம் மேலே போயிருக்கும்.
கீழே விழ வேண்டியதை அது தூக்கிக் கொடுத்துவிடும்.
அப்படித்தான் சொல்கிறார்கள்."
பெருமை இல்லை குரலில்.
அவனும் இப்போதுதான் கேட்பது மாதிரி இருந்தது.

லெய்டா சுண்டுவிரலைக் கழற்றிய கையுறையிலிருந்து நீட்டி
ஓட்டையின் ஓரத்தைத் தடவினாள்.
பிறகு போனை எடுத்தாள்.
"அதே தொகுதி. ஐயாயிரம்."

"உன் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லையே," என்றான்.
"என் துப்பாக்கியிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

மேசையை மடக்கினோம்.
இடக்கைக் கையுறை தரையோடு உறைந்திருந்தது.
அவன் இழுத்தான், வரவில்லை.
அவள் பூட்ஸ் நுனியால் ஓரத்தைத் தட்டினாள்,
ஒருமுறை, இன்னொருமுறை.
நான் காரில் ஏறி
ஹீட்டரைப் போட்டுவிட்டு,
நோட்டில் விட்டுப்போன
காற்றின் திசையை எழுதிக்கொண்டிருந்தேன்.