பந்தியில் ஒரு கிண்ணம்

எருசலேமிலிருந்து மூவர் வந்த அன்று
பந்தியில் இடம் மாறி உட்கார்ந்தேன்.
யாரும் சொல்லவில்லை.
கால்கள் தாமாக எழுந்தன.
ஏழு வயதில் மனப்பாடம் செய்தவை
கால்களில்தான் தங்கும் போலும்.

பர்லாகா தோல் பதனிடுகிறவன்.
சீரியன். விருத்தசேதனம் இல்லாதவன்.
ஓராண்டாக அவன் பிட்ட அப்பத்தில் பாதி எனக்கு,
சுண்ணாம்பும் நாய்ச்சாணமும் மணக்கும் விரல்களிலிருந்து.
அன்று அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.
நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.
பருப்புக் கூழை ஊதி ஊதிக் குடித்தான்.

மூவரும் திரும்பிப் போனார்கள்.
அந்தியோக்கியாவின் தெருக்களில் பத்து நாள்
கட்டளைகளை எண்ணியபடி சுற்றினேன்.
எல்லாம் சரியாக இருந்தன,
ஒன்றிலும் பிசகில்லை,
பசி மட்டும்.

பதினோராம் இரவு கதவைத் தள்ளினேன்.
பழைய இடத்தில் என் கிண்ணம்.
தினமும் வைத்தானாம்,
தினமும் தொடாமலே எடுத்துக் கழுவினானாம்.
அவன் மனைவி ஷல்மத் சொன்னாள்,
கொஞ்சம் எரிச்சலோடு.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
அதற்குள் கைகள் பழக்கத்தில் நீண்டன,
உண்ணுமுன் கழுவ.
வெட்கம். இன்னுமா?

பர்லாகா எழுந்து குடுவையை எடுத்தான்.
எங்கள் முறைப்படியே,
மணிக்கட்டு வரை, இரண்டு தரம்,
அவனே தண்ணீர் ஊற்றினான்.