கடைசி எண் மட்டும் வேறு

அறுநூற்றைம்பது சொற்கள் வரை எழுதலாம்.
முதலில் எழுதியது
மருத்துவமனையில் செய்த தன்னார்வப் பணி பற்றி.
ஒரு பிசிறில்லை.
யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

அழித்தேன்.

டுலூத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கும்
லிண்ட்குவிஸ்ட் சவ அடக்க நிலையத்துக்கும்
கடைசி எண் மட்டும் வேறு.
அவர்களுக்கு நான்கு, எங்களுக்கு ஏழு.
ஒன்பது வயதுவரை "தவறான எண்" என்று வைத்துவிடுவேன்.
பத்தாவது வயதில் ஒருவர் கேட்டார்:
"அவளுக்குக் கண்ணாடி மாட்டிவிடுவீர்களா?
அது இல்லாமல் அவளுக்கு ஒன்றும் தெரியாது."
மாட்டிவிடுவோம் என்றேன்.
பிறகு லிண்ட்குவிஸ்டை அழைத்துச் சொன்னேன்,
என் பெயரைச் சொல்லாமல்.

இதைத்தான் எழுதினேன். அழைப்புகளை மட்டும்.
பனிப்புயலில் பூ வந்து சேருமா என்றவள்,
பேசாமல் மூச்சு மட்டும் விட்டவர்,
பீட்சா கேட்டவன்,
அவனுக்கு இரண்டு எண் தவறு.

திருமதி ஹவர்மெயர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்:
இதிலிருந்து நீ கற்றது என்ன?
கற்றதை ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்.
மறுபடியும் மருத்துவமனை வாடை.
எடுத்துவிட்டேன்.
அந்த இடத்தில் எதுவும் வைக்கவில்லை.

நானூற்றுப் பதினோரு சொற்கள்.
"பைத்தியம்," என்றான் ஆன்டர்ஸ்,
குளிர்பெட்டிக்குள் தலையை விட்டபடி.
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்தக் கண்ணாடி... மாட்டினார்களா?"

தெரியாது. அதையும் எழுதவில்லை.

இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
அனுப்பினேன்.
இப்போது அழைப்பது நான்.
அந்தப் பக்கம் எடுப்பவருக்கு
வைத்துவிட எல்லா உரிமையும் உண்டு.