மாறிய புலம் மட்டும்

செவ்வாய், அதிகாலை ஐந்தே முக்கால்.
வேன் பிடோக்கில் போய் நின்றது.
திருவாட்டி ஓங் சியூ லான்
ஈசூனில், புது புளோக்கின் கீழே
சக்கர நாற்காலியில் காத்திருந்தார்,
மடியில் மடித்த கம்பளிச் சட்டை.
ஆறரைக்கு ரத்தச் சுத்திகரிப்பு.

முகவரியை மாற்றியது நூர்ஹயாத்தி,
திங்கள் மாலை 4:12.
தொலைபேசி எண்ணை மாற்றியது
நான் எழுதிய நிரல், 4:13.
4:11க்கே அந்தப் பதிவை முழுசாக அள்ளி
கையில் வைத்துக்கொண்டு
சரிபார்ப்புக் குறுஞ்செய்திக்காகக் காத்திருந்தது.
வந்ததும் ஓர் எண்ணைத் திருத்தி
இருபத்து மூன்று புலங்களையும் திருப்பி எழுதியது:
பெயரின் மேல் அதே பெயர்,
பிறந்தநாளின் மேல் அதே பிறந்தநாள்,
புதிய வீட்டின் மேல்
பழைய வீடு.

பிழைச்செய்தி இல்லை.
'சேமிக்கப்பட்டது' என்றது, பச்சையில்.

புலம் என்றால் இடம் என்றும் பொருள்.
பள்ளியில் மனப்பாடம் செய்தது
அன்றைக்குத்தான் உறைத்தது.
எழுபத்தொரு வயதில்
மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவரை
ஒரே நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்,
யாரோ பூட்டி மாற்றிய கதவுக்கு.

ஓட்டுநர் தேவேந்திரன் திட்டியிருக்கலாம்.
"அந்தம்மா கையெல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சு"
என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இரவு பதினொன்று, பாய லேபார் அலுவலகம்.
சேமி என்ற கட்டளையின் அடைப்புக்குறிக்குள்
ஒரே ஒரு பெயர் எழுதினேன்: தொலைபேசி.
ஓட்டிப் பார்த்தேன். எண் மாறியது.
'திருத்திய நேரம்' மட்டும் போன மாதத்திலேயே நின்றது.
சொல்லாததை அது தொடாது.
அதைத்தானே கேட்டேன்.
அதையும் சேர்த்தேன். பட்டியலில் இப்போது இரண்டு.

கீழே கோப்பிக்கடை.
நான் வாய் திறக்குமுன்னே
"கோப்பி சி?" என்றார் கடைக்காரர்.
"சியூ டாய்" என்றேன், வழக்கத்துக்கு மாறாக.
அவர் பாலைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை,
கோப்பையை மாற்றவில்லை,
என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.
சீனிக் கரண்டி மட்டும்
பாதியில் நின்றது.

முகவரியை நூர்ஹயாத்தியே மறுபடி தட்டினாள்,
என்னிடம் பேசாமல்.

வியாழன் அதிகாலை எழுந்து
வரைபடத்தைத் திறந்தேன்.
5:46. ஈசூனில் ஒரு நீலப் புள்ளி
அசையாமல் நின்றது.
கதவு திறந்து, நாற்காலி ஏறி,
பட்டை பூட்டும் நேரம் அது.
நகரும்வரை பல் துலக்கப் போகவில்லை.